கோடி விழுந்தது

கொக்கரெகெரே, பெங்களூர்
14-6-1998

அன்புள்ள அண்ணாச்சிக்கு மங்களத்தின் நமஸ்காரம். நாங்கள் இருவரும் இருக்கிறபடி இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலியும் மதினியின் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன?

ஒரு சேதி. இவர் பட்டறையை மூடிவிட்டார். போன ஐப்பசியோடு சரி. முலாம் பூசுகிற தொட்டிகளை ஓசூர்க்காரர் ஒருவர் வந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தெரியும்.

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் பொங்கலுக்கு வந்தீர்கள். விடிந்ததும் ஏரியில் குளிக்கப் போய், மஞ்சளும் பச்சையுமாகக் கிடந்த தண்ணீரில் முங்கிவிட்டு, உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு திரும்பினீர்கள். பட்டறைக் கழிவுதான் என்று தெரிந்ததும் இவரோடு சண்டை. "தொழில்னா நாலு அழுக்கு இருக்கத்தான் செய்யும்" என்றார் இவர். இலையில் உட்கார்ந்த நீங்கள் எழுந்துவிட்டீர்கள். "இந்தக் குளத்துல ஒத்த மீன் துள்ளட்டும், அன்னைக்கு ஒம்ம வீட்டுப் படி ஏறுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். அந்தப் பொங்கலை நான் மாட்டுக்குப் போட்டேன்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். புது லேஅவுட் சாக்கடையையும் குழாய் போட்டுத் திருப்பப் போகிறார்கள். பக்கத்து வீட்டு நோயலும், காலேஜில் பாடம் எடுக்கிற சீனிவாசராகவன் என்பவரும் ஒரு சங்கம் வைத்து ஆபீஸ் ஆபீஸாக அலைகிறார்கள். நானும் கூடவே அலைகிறேன். கொக்கரெ என்றால் கன்னடத்தில் கொக்கு மாதிரி பெரிய பறவை. பெயரில்தான் இருக்கிறது, நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

இவர் சௌகரியம். வீட்டோடுதான் இருக்கிறார். முன்போலக் கோபம் இல்லை. பேச்சே குறைந்துவிட்டது. ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பொழுது போய்விடுகிறது.

மீன் துள்ளினால் எழுதுகிறேன். மதினிக்கு என் அன்பு.

தங்கை,
மங்களம்

*

வீரவநல்லூர்
5-7-1998

சௌபாக்கியவதி மங்களத்துக்கு அண்ணன் ஆவுடையப்பன் ஆசீர்வாதம். இங்கு யாவரும் க்ஷேமம். உன் மதினி சர்க்கரையைக் காப்பியில் விட்டுவிட்டு அல்வாவில் வைத்துக்கொண்டாள். முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை.

சொன்ன சொல் மறந்துபோகும் அளவுக்கு எனக்கு இன்னும் புத்தி கெடவில்லை. ஹெட்மாஸ்டராக இருந்தவன் ஒரு வார்த்தையை விட்டால் விட்டதுதான். பட்டறையை மூடினாராம்! சந்தோஷம். இத்தனை வருஷம் குளத்துக்குள் கொட்டியது மூடிய பூட்டுக்குப் பயந்து வெளியே போய்விடுமா? மீன் வரட்டும், பார்க்கலாம்.

இன்னொன்று. உன் கடிதம் எப்போதும் மாப்பிள்ளை கையால் விலாசம் எழுதித்தான் வரும். முத்து முத்தான இங்கிலீஷ். சண்டைக்குப் பிறகும் அதை அவர் நிறுத்தவில்லை என்று மனசுக்குள் ஒரு மதிப்பு வைத்திருந்தேன். இந்தத் தடவை உன் கோழிக் கிறுக்கல். போஸ்ட்மேன் தெரு முழுக்க விசாரித்துவிட்டுத்தான் கொடுத்தான். கோபம் என்னோடுதானே, விலாசத்தோடு என்ன?

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆவுடையப்பன்

*

பெங்களூர்
2-5-1999

அன்புள்ள அண்ணாச்சிக்கு நமஸ்காரம். வெயிலில் அலையாதீர்கள். இங்கேயும் இந்த வருஷம் ஃபேன் இல்லாமல் முடியவில்லை.

விலாசம் இனிமேல் நான்தான் எழுதுவேன். என் இங்கிலீஷும் வளரட்டுமே.

சாக்கடையைத் திருப்பியாயிற்று. ஆகாயத்தாமரையை ஆள் வைத்து வாரிக் குவித்தோம். கோடையில் ஏரி வற்றியதும் சங்கத்து ஆட்களோடு நோயலும் நானும் சேர்ந்து ஹூளு அள்ளினோம். நம் ஊரில் வண்டல் என்போமே, அதுதான். நம் ஊர் வண்டலுக்கு வயல்காரர்கள் அடித்துக்கொள்வார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை. மேலே கறுப்பு, வெட்ட வெட்ட உள்ளே பச்சை. எங்கேயோ தூரத்தில் தார்ப்பாய் விரித்த குழியில் கொண்டுபோய்ப் புதைக்கிறார்கள்.

இப்போது சங்கத்துக்குள் சண்டை. தாமரை நட வேண்டும், படகு விட வேண்டும், கரைக்கு சிமெண்ட் போட வேண்டும் என்று ஆளுக்கொரு ஆசை. சீனிவாசராகவன் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்: "கெடுக்கிறத நிறுத்தியாச்சு. இனிமே சும்மா விடுங்க. வரவேண்டியது தானா வரும்." எதிர்வீட்டு ஜெயலக்ஷ்மிக்கு மூக்குக்கு மேல் கோபம். "இஷ்டு கஷ்டபட்டு சும்னே பிடோதா?" என்று சத்தம் போட்டாள். இவ்வளவு பாடுபட்டுவிட்டுச் சும்மா விடுவதா என்று கேட்கிறாள். கடைசியில் தெற்கு மூலையில் அவரவர் இஷ்டப்படி நடுவது, வடக்கு மூலையைத் தொடாமல் விடுவது என்று பேசி முடித்தோம்.

உங்களையும் நான் பதினாலு வருஷமாகச் சும்மாதான் விட்டிருக்கிறேன். பலன் ஒன்றும் தெரியவில்லையே என்று சீனிவாசராகவனிடம் கேட்கலாமா என்று பார்த்தேன். சிரிக்காதீர்கள்.

மங்களம்

*

வீரவநல்லூர்
20-5-1999

சௌபாக்கியவதி மங்களத்துக்கு ஆசீர்வாதம். மதினிக்குக் காலில் ஒரு புண் ஆறாமல் இருக்கிறது. மற்றபடி க்ஷேமம்.

சிரிக்கவில்லை. ஒன்று கேட்கிறேன், பதில் எழுது. சங்கம் அள்ளியது, நீ அள்ளினாய், நோயல் அள்ளினார் என்று எழுதுகிறாய். மாப்பிள்ளை ஒரு கூடை மண்ணாவது அள்ளினாரா? அந்த வரியைக் காணோமே. கெடுத்த கையால் ஒரு கூடை அள்ளியிருந்தால் என் மனசு பாதி ஆறியிருக்கும். ஜன்னலோரம் நாற்காலி போட்டு வேடிக்கை பார்ப்பவருக்கு என்ன தெரியும்?

மாம்பழம் அனுப்ப நினைத்தேன், போய்ச் சேர்வதற்குள் அழுகிவிடும்.

ஆவுடையப்பன்

*

பெங்களூர்
28-11-1999

அன்புள்ள அண்ணாச்சிக்கு நமஸ்காரம். பதில் எழுத இத்தனை மாதம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். வேலை. மதினியின் புண் ஆறிவிட்டதா?

இவர் மண் அள்ளவில்லை. இவர் பங்குக்கும் சேர்த்து நான் அள்ளினேன். அதை இதற்கு மேல் கேட்காதீர்கள்.

மழைக்கு ஏரியில் பாதி தண்ணீர் நிற்கிறது. தெற்கு மூலையில் நட்ட கன்றெல்லாம் கருகிப் போயிற்று. தாமரைக் கிழங்கு அழுகிவிட்டது. யாரும் தொடாத வடக்கு மூலையில் கோரை வந்திருக்கிறது, சம்பு வந்திருக்கிறது. விதை எங்கே இருந்தது என்று கேட்டேன். மண்ணுக்கடியில் தூங்கியிருக்கும், பாதி காற்றில் வந்திருக்கும் என்கிறார் சீனிவாசராகவன். ஜெயலக்ஷ்மி அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை, தோற்றுப்போன கோபம். கோரை முழுக்கத் தட்டான்கள். சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று. தண்ணீர் தேறாமல் தட்டான் முட்டை இடாதாம்.

சாயங்காலமானால் தவளை கத்துகிறது. சிலர் தூக்கம் கெடுகிறது என்கிறார்கள். பிள்ளை குட்டி இல்லாத வீடு, பேச்சுச் சத்தமும் இல்லை. எனக்கு அது பெரிய துணையாக இருக்கிறது. விளக்கு வைத்ததும் கதவைத் திறந்து வைத்துவிடுகிறேன்.

மீன் மட்டும் இல்லை. கரையில் நின்று பார்த்துவிட்டுத்தான் தினமும் அடுப்பு மூட்டுகிறேன்.

மங்களம்

*

பெங்களூர்
9-4-2000

அன்புள்ள அண்ணாச்சிக்கு நமஸ்காரம். கார்த்திகையில் ஒன்று, தையில் ஒன்று என்று இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. எல்லாரும் சௌகரியம் என்று ஒரு கார்டாவது போடக்கூடாதா?

ஏரிக் கதையையே எழுதிச் சலிக்க வைக்கிறேனோ? வேறு எழுத இங்கே ஒன்றும் இல்லை. அதாவது, எழுதுகிற மாதிரி ஒன்றும் இல்லை.

முக்குளிப்பான் பறவை ஜோடி ஒன்று வந்திருக்கிறது. ஒன்று முங்கினால் மற்றது அது எழும்வரை சுற்றிச் சுற்றி வருகிறது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் இன்றைக்கு உலை கொதித்து வழிந்துவிட்டது.

மங்களம்

*

(தபால் கார்டு)
பெங்களூர்
16-10-2000

அண்ணாச்சிக்கு நமஸ்காரம். கார்டில் இடம் இல்லை. எப்போது, எப்போது என்று காத்திருந்தது நேற்றுக் காலை நடந்துவிட்டது. கோடி விழுந்துவிட்டது. தெருவே திரண்டு வந்தது. மஞ்சள், குங்குமம், வளையல் எல்லாவற்றையும் என் கையாலேயே தண்ணீரில் விட்டேன். எவ்வளவு அடக்கியும் அழுகை வந்துவிட்டது. இவரை நாலு பேர் கரைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இனி நீங்கள் சாக்குச் சொல்ல வழியில்லை. வரவேண்டியது உங்கள் முறை. மற்றவை நேரில்.

மங்களம்

*

வீரவநல்லூர்
24-10-2000

மங்களத்துக்கு அண்ணன் எழுதுவது. கார்டு கிடைத்தது. மதினி படித்துவிட்டு உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவே இல்லை. உனக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று தெரியவில்லை. தைரியமாக இரு.

கோடி விழுந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். யார் போட்டார்கள் என்று கேட்க மாட்டேன். போட வேண்டிய பிறந்த வீட்டுக்காரன் நான். வரத்தான் வேண்டும். மதினிக்குக் காலில் இரண்டு விரல் எடுத்து மூன்று மாதம்தான் ஆகிறது, அவளை விட்டுவிட்டு வர ஆள் இல்லை. என் முழங்காலும் ரயில் படி ஏற விடாது. அதனால் கோடிச் சேலையை ரிஜிஸ்டர் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வெள்ளை எடுக்க மனம் வரவில்லை, அரக்கில் எடுத்தேன். நானே வந்து போட்டதாக நினைத்துக்கொள்.

போனவரைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. மனஸ்தாபமும் அவரோடு போயிற்று. ஒருவகையில் அந்தக் குளத்துக்கும் நிம்மதி.

ஆவுடையப்பன்

*

பெங்களூர்
4-11-2000

அண்ணாச்சிக்கு மங்களம் எழுதுவது.

இவர் உயிரோடு இருக்கிறார். பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, நீங்கள் எனக்கு ஆசையாகச் சேலை அனுப்பியிருக்கிறீர்கள் என்று இவர் மடியில் வைத்துத்தான் பிரித்தேன். பிறகுதான் கடிதத்தைப் பார்த்தேன். முதல் வரியில் "சௌபாக்கியவதி"யைக் காணவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் தடவை படித்தபோது புரிந்தது.

கோடி என்றால் இங்கே ஏரி நிரம்பி வழிகிற இடம். நம் ஊரில் மறுகால் என்போமே, அது. "மங்களம்மா, கோடி பித்து!" என்று ஜெயலக்ஷ்மி கத்திக்கொண்டு ஓடி வந்தாள். கோடி விழுந்தது என்று அதை அப்படியே எழுதினேன். ஹூளுவுக்கு அர்த்தம் எழுதியவளுக்குக் கோடிக்கு எழுதத் தோன்றவில்லை, முப்பது வருஷத்தில் அது என் வார்த்தையாகிவிட்டது. ஏரி நிறைந்தால் சுமங்கலிகள் முறத்தில் மஞ்சளும் வளையலும் வைத்துத் தண்ணீருக்குக் கொடுப்பார்கள். பாகினம் என்று பெயர். நான்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்றாள் ஜெயலக்ஷ்மி. அதற்குத்தான் அழுதேன்.

இவரை ஏன் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று இனியும் சொல்லாமல் இருக்க முடியாது. தொண்ணூற்றேழு ஐப்பசியில் பட்டறையில் விழுந்தார். வலது கையும் காலும் போயிற்று, பேச்சும் போயிற்று. அதனால்தான் பட்டறையை மூடினோம். அதனால்தான் விலாசம் என் கையெழுத்தில் வந்தது. நாற்காலியோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்க் கோடி ஓரத்தில் வைத்தார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். "குளம் கேட்டுவிட்டது" என்று எழுதுவீர்களோ என்று பயந்தேன். அந்த வரியைப் படிக்க எனக்குத் தெம்பில்லை. இரக்கப்பட்டு வருவீர்களோ என்றும் நினைத்தேன். நீங்கள் இரக்கப்பட்டு வர வேண்டாம், சொன்ன சொல்லுக்கு வர வேண்டும் என்று இருந்தேன்.

அந்தச் சொல்லும் நிறைவேறிவிட்டது. கோடி வழிந்தால் கீழே இருக்கிற ஏரியோடு தண்ணீர் சேர்ந்துவிடும். அங்கிருந்து மீன்கள் எதிரேறி வந்தன. வழிகிற தண்ணீரில் துள்ளித் துள்ளி விழுந்து மறுபடியும் துள்ளின. இவர்தான் முதலில் பார்த்தார், இடது கையால் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நீங்கள் சொன்ன சொல் இவருக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது அண்ணாச்சி. அதைக் கார்டில் எழுதாமல், நேரில் காட்டலாம் என்று வைத்திருந்தேன். பிடித்துத் தின்னப் பல வருஷம் ஆகுமாம், அடி மண்ணில் பட்டறை இன்னும் இருக்கிறதாம். இருந்தாலும் மீன் மீன்தானே.

சேலையைப் பார்த்து இவருக்கும் விளங்கிவிட்டது. ஒரு பக்கத்து வாயால் சிரித்தார். அப்புறம் இடது கையால் அதைத் தடவிப் பார்த்தார், முலாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று சாமானைத் தடவுவாரே அந்த மாதிரி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எவன் செத்தாலும் அண்ணன் வருவான் என்று ஒரு மூலையில் நம்பிக்கை வைத்திருந்தேன். சாவுக்குக்கூடப் பார்சல்தான் வரும் என்று இப்போது தெரிந்துகொண்டேன். மதினிக்கு விரல் எடுத்ததை நீங்களும்தான் எனக்கு எழுதவில்லை.

மங்களம்

*

வீரவநல்லூர்
11-2-2001

சௌபாக்கியவதி, சௌபாக்கியவதி மங்களத்துக்கு ஆசீர்வாதம். விட்டுப்போன தடவைக்கும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

மூன்று மாதமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். மாப்பிள்ளை முகத்தில் விழிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தக் கடிதத்தில் கடைசியாக எழுதிய குளத்து வரியை அடித்துவிடு. உயிரோடு இருக்கிற மனுஷனுக்குக் கோடி எடுத்தவன் எந்த முகத்தோடு படி ஏறுவது? மதினி தினமும் திட்டுகிறாள்.

அந்தச் சேலையை வீட்டில் வைத்திருக்காதே, அபசகுனம். யாருக்காவது கொடுத்துவிடு. பங்குனி கழியட்டும், வருவதற்குப் பார்க்கிறேன்.

ஆவுடையப்பன்

*

பெங்களூர்
19-8-2001

அன்புள்ள அண்ணாச்சிக்கு மங்களத்தின் நமஸ்காரம். மதினி நடக்கிறாளா?

ஆடி நடுவில் இவர் போய்விட்டார். காலையில் கஞ்சி கொண்டுவந்தேன், ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார். கஞ்சியை ஆற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது.

தந்தி கொடுக்கவில்லை. கொடுத்தால் நீங்கள் வர வேண்டியிருக்கும். வராமல் இருந்தால் அதையும் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். பங்குனியும் போய்ச் சித்திரையும் போயிருந்தது.

பத்தாம் நாள், பிறந்த வீட்டுக் கோடி எங்கே என்று கேட்டார்கள். பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். நீங்கள் சொன்னபடி யாருக்கும் கொடுத்துவிடவில்லை. "எங்க அண்ணாச்சி முன்னாடியே அனுப்பிட்டாங்க" என்றேன். ஜெயலக்ஷ்மி தோளில் போட்டுவிட்டாள். அரக்கு எனக்கு நன்றாக இருக்கிறது என்று அழுதுகொண்டே சொன்னாள். இந்த வருஷம் ஏரி வழிந்தால் முறம் என் கைக்கு வராது, அவள் கைக்குப் போகும்.

நேற்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன், வடக்கு மூலையில் பெரிய பறவை ஒன்று நின்றது. மஞ்சள் மூக்கு, நீளக் கால். யாரும் கூப்பிடவில்லை. வந்தது, நின்றது, ஒரு மீனைக் கொத்தியது. திரும்பி, இங்க பாருங்க என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் நாற்காலி காலியாக இருந்தது.

அண்ணாச்சி, கோடி போட்டாயிற்று, உங்கள் முறை முடிந்தது. மீன் துள்ளியாயிற்று, உங்கள் சொல்லும் முடிந்தது. இனி நீங்கள் இங்கே வருவதற்கு ஒரு காரணமும் இல்லை. காரணம் இல்லாமல் வருவதென்றால் வாருங்கள்.

மங்களம்

*

(தபால் கார்டு)
வீரவநல்லூர்
27-8-2001

என் தங்கச்சி மங்களத்துக்கு. மதினியை அவள் தம்பி வீட்டில் விட்டிருக்கிறேன். அடுத்த வாரம் ரயில் ஏறுகிறேன். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. ரொம்ப நேரம் நிற்க முழங்கால் விடாது. மாப்பிள்ளையின் நாற்காலியைக் கோடிப் பக்கம் எடுத்துப் போட்டு வை.

அண்ணன்